பொன்மலரக்கா கழுத்தும் ரெண்டு தோல் துண்டும்

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க ஷூ கம்பெனி லைன்ல எல்லாருக்கும் தெரியும். பொன்மலரக்காவுக்கு வாயே கெடையாது. பதினேழு வருஷமா பக்கத்துப் பக்கத்து மெஷின்ல உக்காந்து ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறோம். அவங்க பேசவேண்டியதையும் சேத்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன், இப்பவும் அப்படித்தான்.

ரெண்டு பேருக்கும் நெமிலி பக்கம் ஒரே ஊரு. காலைல ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வரும், ராணிப்பேட்டை போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம். அக்கா ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம்.

லைன்ல கஷ்டமான வேலைன்னா அக்காகிட்டதான் போகும். தோலோட ஓரத்தைச் சீவி மெலிசாக்கி அனுப்புவாங்க, அதை மடிச்சுத் தைக்கணும். தடிப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தாலும் தையல் பிசகிடும். அக்கா கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு தேய் தேய்ப்பாங்க. "இது ஆவாது மோகனா, திருப்பி அனுப்பு"ன்னுவாங்க. அப்புறம் அளந்து பாத்தா அவங்க சொன்னதுதான் சரியா இருக்கும்.

அந்த வெரலுக்குத்தான் கேடு வந்துச்சு. போன ஆடி மாசம் ஒருநாள் ஊசி அக்கா ஆள்காட்டி வெரல் நுனியில எறங்கி ஏறியிருக்கு. அவங்க பாட்டுக்குத் தச்சுக்கிட்டு இருக்காங்க. தோலுக்கு உள்பக்கம் வெக்கிற வெள்ளை லைனிங்ல செவப்பா பரவுறத நான்தான் பாத்தேன். "அக்கா, ரத்தம்"னேன். "யாருக்குடி?"ன்னு கேட்டாங்க. குத்தினதே அவங்களுக்குத் தெரியல.

ஸ்கேன் எடுத்துப் பாத்தா கழுத்து எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குதாம். ஆறு வாரம் ஃபிசியோ பண்ணிப் பாக்கலாம், வெரல்ல உணர்ச்சி வராம கையில பலமும் கொறைஞ்சுட்டே போச்சுன்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷன் பண்ணா பழைய கை வந்துடுமான்னு நான் கேட்டேன். அதுக்கு உறுதி சொல்ல முடியாதும்மான்னாரு. வெளிய வந்ததும் அக்கா, "இந்த வெரல் இல்லன்னா நான் இன்னாடி பண்ணுவேன்"னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க.

வண்டியில போவும்போது போட்டுக்கச் சொல்லி ஒரு கழுத்துப் பட்டை குடுத்தாங்க. இங்கதான் நான் என் புத்தியைக் காட்டினேன். எங்க லைன்ல காசிநாதன்னு ஒரு டெய்லர், போன வருஷம் இடுப்புல பெல்ட் போட்டுக்கிட்டு வந்தாரு. மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. இன்னிக்கும் அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்காரு. "அக்கா, பஸ்ஸுல போட்டா கம்பெனியில போட்ட மாதிரிதான், சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொல்றதுக்குன்னே ஆளு இருக்குது, கழட்டி உள்ள வையி"ன்னேன். டிபன் பாக்ஸுக்கு அடியில வெச்சுட்டாங்க.

வாரத்துல மூணு நாள் வேலை முடிஞ்சு வாலாஜாவுல எறங்கி ஃபிசியோவுக்குப் போவோம். அங்க ரெனிட்டான்னு ஒரு சின்னப் பொண்ணுதான் பாக்கும். அக்காவைப் படுக்க வெச்சு மெஷின் மாட்டிக் கழுத்தை மெதுவா இழுக்கும். அப்புறம் தாடையைப் பின்னால தள்ளச் சொல்லும். "யாரோ முத்தம் குடுக்க வர்றாங்க, வேணாம்னு பின்னால போற மாதிரிக்கா"ன்னும். அக்காவுக்கு முகமெல்லாம் செவந்துடும். ஆனா ஒழுங்கா பண்ணுவாங்க. லைன்ல நூல் தீந்து பாபின் மாத்துறப்பல்லாம் பத்து தடவ, யாரும் பாக்காம.

நான் பர்ஸுல ரெண்டு தோல் துண்டு வெச்சிருந்தேன், ஒண்ணு மெலிசு, ஒண்ணு தடிப்பு. தினம் பஸ் ஏறினதும் அக்கா கண்ணை மூடிக்கிட்டு எது தடிப்புன்னு சொல்லணும். ஒருநாள் சரியா சொல்வாங்க, மறுநாள் தப்பிடும். சரியா சொன்ன நாளெல்லாம் நான் பெரிய டாக்டர் கணக்கா, "வந்துடுச்சுக்கா, வந்துடுச்சு"ன்னு குதிச்சேன்.

நாலு வாரம் முடிஞ்சு ரெனிட்டா கையை அமுக்கச் சொல்லிப் பாத்துச்சு. பலம் முன்னைக்கு இப்ப கம்மி. திங்கக்கெழம நல்லா இருக்குது, வெள்ளிக்கெழம வந்தா மோசமா இருக்குதுன்னு நோட்டைப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துச்சு. தலகாணி எத்தினி, போன் எப்படிப் பாக்குறீங்க, மெஷின்ல எப்படி உக்கார்றீங்கன்னு எல்லாம் கேட்டுச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. "அப்போ கழுத்து எங்கதான் தொங்குது?"ன்னுச்சு.

பஸ்ஸுல அக்கா தூங்குறது என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. தலை நெஞ்சு வரைக்கும் தொங்கும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் வெடுக்குன்னு தூக்கிட்டு மறுபடி விழும். போகும்போது ஒண்ணேகால் மணி நேரம், வரும்போது ஒண்ணேகால் மணி நேரம். கோழி கொத்துதுன்னு சொல்லிப் பதினேழு வருஷமா சிரிச்சிருக்கேன்.

"அந்தப் பட்டை போடலியாக்கா?"ன்னு ரெனிட்டா கேட்டுச்சு. அக்கா என்னைப் பாத்தாங்க. என்னைக் காட்டிக் குடுக்கல, மறந்துட்டேன்னு பொய் சொன்னாங்க. எனக்குத் தாங்கல. "நான்தான் கழட்டச் சொன்னேன்"னு ஒடச்சுட்டேன். தோல் துண்டு சமாச்சாரத்தையும் சொன்னேன். ரெண்டுல ஒண்ணுன்னா குருட்டாம்போக்குல சொன்னாலே பாதி சரியா வரும்க்கான்னு அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லிச்சு. இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னுச்சு. அது திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் அக்கா பட்டையைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினாங்க. "சொல்றவங்க போய்ச் சொல்லிக்குங்க"ன்னு நான் பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சொன்னேன். சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சூப்பர்வைசர் வந்து, "பேக்கிங்ல ஒரு எடம் இருக்கு பொன்மலர், கொஞ்ச நாள் போறியா?"ன்னாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அக்காவே எழுந்து நின்னு, "ரெண்டு வாரம் டைம் குடுங்க சார்"னாங்க. அவர் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. அப்புறம் அவர் செருப்பு சத்தம் கேட்டாலே எனக்குத் தையல் கோணிக்கும்.

அந்த ரெண்டு வாரமும் பஸ்ஸுல நான் தூங்கல. பட்டையையும் மீறித் தலை சாஞ்சா உள்ளங்கையால தாங்கி நிமித்தி வெப்பேன். தோல் துண்டை வெளியவே எடுக்கல.

டாக்டரைப் பாக்கவேண்டிய நாள் வந்துச்சு. கம்பெனி பஸ்ஸுலயே போய் வாலாஜாவுல எறங்கிக்கலாம்னு கெளம்பினோம். உக்காந்ததும் அக்கா கண்ணை மூடிக் கையை நீட்டி, "குடுடி"ன்னாங்க. முந்தின நாளே நான் மெலிசுலயே இன்னொரு துண்டு வெட்டி வெச்சிருந்தேன். அதையும் பழைய மெலிசையும் கையில வெச்சேன், ரெண்டும் ஒரே தோல், ஒரே மெலிசு. எதையாவது தடிப்புன்னு சொன்னாங்கன்னா எல்லாம் குருட்டாம்போக்குதான்.

மொதல் துண்டைத் தேய்ச்சாங்க. ரெண்டாவதைத் தேய்ச்சாங்க. மறுபடி மொதல் துண்டு. காவேரிப்பாக்கம் தாண்டிடுச்சு, இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. டாக்டர்கிட்ட போற நாள்ல போய் இந்த வெளையாட்டு எனக்குத் தேவையான்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். பிடுங்கிடலாம்னு கையைக்கூட நீட்டினேன்.

அக்கா கண்ணைத் தொறக்கவே இல்ல. "இன்னாடி மோகனா, ரெண்டும் ஒண்ணுதானே. தடிப்பானதை எங்க வெச்சிருக்கே?"ன்னாங்க.

பர்ஸைத் தொறந்து தடிப்பானதை எடுத்து அவங்க வெரலுக்கு நடுவுல வெச்சேன்.