பழனியில் இறக்கிய முடி

உருகும் வெண்ணெயில் முருங்கைக்கீரை விழுந்ததும் சடசடவென்று பொரிந்து ஒரு வாசம் வரும். எந்தத் தெருவில் வந்தாலும் என் கால் நின்றுவிடும். யார் வீட்டு அடுப்போ! எனக்கு மட்டும் அண்ணனின் மழித்த தலையும், அதை நோக்கி எழுகிற கையும் கண்ணில் நிற்கும்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ராசிபுரத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். நான் சேலத்தில் வாக்கப்பட்டவள். மாசியில் அண்ணனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவைத்து வேறெதையோ எடுத்துப் போனது. பழசு அத்தனையும் இருந்தது: செத்துப்போன எருமைகளின் நெற்றிச்சுழி, ஆறு வயதில் நான் இடறி விழுந்த வாய்க்கால். புதிதாக எதுவும் தங்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "சோறு ஆச்சா?" என்பார்.

ஐப்பசியில் அம்மா இறந்தாள். ஒரே மகன், தலையும் மீசையும் மழித்து அண்ணன்தான் கொள்ளி வைத்தார். குளித்து வீடு வந்து வாசலில் உட்கார்ந்தவர் தலையைத் தடவினார். கை அப்படியே நின்றது.

"அம்மிணி, யாரு செத்தது?"

சொன்னேன். மார்பில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லாமயே போயிட்டயேம்மா!"

கண்ணைத் துடைத்தவர் ஈரக் கையைப் பார்த்தார். "எதுக்கு அம்மிணி கை நனைஞ்சிருக்குது?" பிறகு கை தலைக்குப் போனது. பிறகு அதே கேள்வி. மறுபடி சொன்னேன். அதே வார்த்தை, அதே எழுத்தில் மூச்சு அடைத்தது, மார்பில் அதே இடத்தில் அடி. அந்த இடம் மட்டும் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் கன்றியிருந்தது.

மூன்றாம் நாள் அண்ணியால் பொறுக்க முடியவில்லை. அவர் கேட்குமுன் முந்திக்கொண்டாள்.

"பழனிக்குப் போயி முடி எறக்குனீங்களே, நெனப்பில்லீங்களா? மூஞ்சியப் பாரு, பலாக்கொட்டையாட்ட!"

அண்ணன் சிரித்தார். "அம்மாளும் வந்துச்சா?"

"வராம? உங்களுக்கு முந்தி மலையேறுனதே அத்தைதானுங்க."

"இப்ப எங்க?"

"உள்ள வெண்ணெ உருக்கறாங்க."

அந்தப் பொய்க்காகவே அண்ணி தினமும் அம்மா வெண்ணெய் உருக்கும் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். துக்க வீட்டில் இப்படி வாசம் வரலாமா என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். வாசம் வந்தால் அண்ணன் அடங்கிவிடுவார். பலாக்கொட்டை என்றதும், ஒவ்வொரு தரமும், முதல் தரம்போலச் சிரிப்பார்.

ஐந்தாம் நாள் காலை. அண்ணி தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. வாசம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், சட்டி சில்லென்று கவிழ்ந்து கிடந்தது. திரும்பினேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் கிளம்பினேன். எழவு வீட்டிலிருந்து போகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் சாவும் திரும்பி வரும் என்பார்கள். நானும் மூட்டையை எடுத்துக்கொண்டு பேசாமல் படி இறங்கினேன்.

"அம்மிணி!"

நின்றேன்.

"ஏன் சொல்லாமப் போற? எழவு ஊட்டுலதான அப்படிப் போவாங்க?"

அவர் வலது கை எழுந்தது. காதைத் தாண்டியது. நிலைப்படியில் அண்ணி சாணிக்கூடையோடு நின்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். அண்ணனின் திறந்த மார்பில் கன்றிய இடம் நாவற்பழம் போல் கறுத்திருந்தது. 'வாரேன்' என்று சொன்னால் அடுத்த சாவு யாருக்கு வரும்? அந்த வாசலில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

"போயிட்டு வாரேனுங்ணா."

கை இறங்கியது.

"அம்மாகிட்டச் சொல்லீட்டயா?"

"சொல்லீட்டேனுங்ணா."