பந்திச் சோறு தின்ற காளை

நான் மாடு வளர்ப்பது கறிக்கு. சொல்ல எனக்கு நாக்கு கூசுவதில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் காது கூசுகிறது. எங்கள் சூளகிரிப் பக்கம் கறவை மாடு ஈன்று காளைக்கன்றாகிவிட்டால் வீட்டில் எல்லார் முகமும் தொங்கிப்போகும். பால் தராது, உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று, யாருக்கு வேண்டும்? அப்படி வேண்டாமென்று கைவிட்ட ஏழு கன்றுகளைக் கொண்டுவந்து கட்டினேன்.

நறுக்கிய சோளத்தட்டு, ராகித் தாள், தளிப் பக்கமிருந்து வருகிற கோஸ் தழை, மேலுக்குக் கொஞ்சம் கடலைப்பிண்ணாக்கு. தவிட்டைக்கூடப் பத்து நாள் எடுத்துப் பிடி பிடியாகத்தான் கூட்டுவேன். மாட்டின் வயிறு பழைய ஊர் மாதிரி, புதிதாய் வருகிற எதையும் சட்டென்று சேர்த்துக்கொள்ளாது.

அவை போட்ட சாணியும் மூத்திரம் ஊறிய தாளும் கொட்டகைக்குப் பின்னால் மேடாக ஏறும். எங்களுக்கு எருவின் பேரே குப்பைதான். மார்கழிக் காலையில் கிளறினால் ஆவி எழும். உள்ளே கைவிட்டால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுடும்.

அந்தக் குப்பையில் பாதி என் அண்ணனுக்கு. நிலத்தைப் பிரித்தபோது வரப்பு போட்டோம், கிணற்றுக்கு முறை வைத்தோம், குப்பைமேட்டை மட்டும் பிரிக்கவில்லை. மாடு யாருடையதானாலும் குப்பை பொது. என் மாடுகளை வாய் நிறைய ‘அடிமாடு’ என்பவர், அதைச் சாக்காக வைத்து என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர், வருஷா வருஷம் அவற்றின் சாணியில்தான் தக்காளி விளைத்தார். தக்காளி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன வருஷம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் கொட்டகையைத் தார்ப்பாய் போட்டு மறைக்கச் சொன்னார். மறைத்தேன். என் கையாலேயே முடிச்சுப் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பந்தி முடிந்து, வந்தவர்களை ஹைவேயில் பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். அந்த நேரத்தில் அண்ணன் மிஞ்சிய சோறு இரண்டு அண்டாவையும் என் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்திருக்கிறார். அவருடைய கறவைக்கு ஒரு கவளம் வைக்கமாட்டார். சோறு மாட்டு வயிற்றில் புளித்துக் கொல்லும் என்பது தெரியாத ஆளா அவர்? முப்பது வருஷமாய் மாடு கட்டுகிறவர்.

விடிந்து போய்ப் பார்த்தபோது ஆறு மாடுகள் தலை தொங்கி நின்றன. நெற்றியில் வெள்ளை விழுந்த கருப்பன் படுத்துக் கிடந்தான். எதையும் முதலில் தின்று முடிக்கிறவன். பல்லைக் கடித்துக் கடித்து முனகினான். கால்நடை டாக்டர் வந்து சோடா உப்பைக் கரைத்து எல்லாவற்றுக்கும் ஊற்றினார், அவனுக்கு மட்டும் டிரிப் ஏற்றினார். ஆறும் தப்பித்தன. வெயில் ஏறுவதற்குள் அவன் கால் விறைத்துவிட்டது.

அண்ணன் வந்தார். வேட்டியில் நேற்றைய சந்தனம். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“விடுறா. எப்படியும் அறுக்கப்போற மாடுதானே?”

“அறுக்கப்போற மாட்டுக்கும் அதுவரைக்கும் வயிறு இருக்குண்ணா.”

வியாக்கியானம் ஆரம்பித்துவிட்டான் என்று அங்கிருந்தவர்களிடம் சிரித்துவிட்டுப் போனார். அறுக்கிற கத்திக்கு ஒரு நொடி போதும். கருப்பன் விடிய விடியப் பல்லைக் கடித்திருக்கிறான். அந்த வித்தியாசம்கூடத் தெரியாத கைக்குச் சாணி மட்டும் வேண்டும்.

மழைக்கு முன்னால், வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய டிராக்டர் பின்னோக்கி வந்து குப்பைமேட்டருகே நின்றது. தெலுங்கு பேசுகிற டிரைவர் இறங்கி டிப்பரின் பின்கதவைத் திறந்தார். நான் மேட்டின்மேல் ஏறி நின்றுகொண்டேன். இது அடிமாட்டுச் சாணி, உங்க முதலாளிக்கு ஆகாது, கொண்டுபோக வேண்டாம் என்றேன். சாணியிலுமா ஜாதி பார்க்கிறீங்க சார் என்றார் அவர். உங்க முதலாளியைக் கேளுங்க என்றேன்.

பின்னாலேயே அண்ணன் வந்துவிட்டார். குப்பை பொதுவென்று நாம் பேசியதுதானே என்று கத்தினார். பேசினோம்தான், மாடும் உயிர் என்று தனியாகப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். டிராக்டர் வெறும் டிப்பரோடு திரும்பியது.

என் நிலத்துக்கு அவ்வளவு குப்பை வேண்டியதில்லை. தேவையானதை இறைத்துவிட்டேன், பாதிக்குமேல் அப்படியே கிடக்கிறது. பிடிவாதம் என்கிறாள் மனைவி. இருக்கட்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு முன்னால் அந்த மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, தப்பு என்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.