என் புள்ளி நொச்சிக்குப்பத்துல விழணும்

நொச்சிக்குப்பத்துல ரோட்டோரமா மீன் விக்கிறவ நான். போன வருஷம் எங்க தெருவுல நடந்த மெடிக்கல் கேம்ப்ல, மார்பகப் புற்றுநோய் யார் யாருக்கு எந்த ஏரியாவுல வந்திருக்குன்னு ஒரு மேப் காட்டினாங்க. அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம் பக்கமெல்லாம் சிவப்புப் புள்ளி. எங்க குப்பத்துல ஒண்ணுகூட இல்ல.

"மீன் துன்ற ஒடம்பு, நமக்கு இன்னாத்துக்கு வரப்போவுது?"ன்னு என் நாத்தனார் சிரிச்சா. நானும் சிரிச்சேன். இடது மார்புல பட்டாணி மாதிரி கட்டி இருந்ததை யார்கிட்டயும் சொல்லல.

அது நெல்லிக்காய் அளவு ஆனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புற்றுநோய்தான்னாங்க. நல்லவேளை, வேற எங்கயும் பரவல. "மேப்புல எங்க குப்பமே இல்லையே டாக்டர்?"னு கேட்டேன்.

"டெஸ்ட்டுக்கே யாரும் வராத இடத்துல புள்ளி எப்படிம்மா விழும்?"னாங்க.

ஆபரேஷனுக்குப் பதியும்போது, ஆதார்ல இருந்த எங்கம்மா வீட்டு சிந்தாதிரிப்பேட்டை அட்ரஸை எழுதினார் ஒருத்தர். "என் புள்ளி அங்க போய் விழுறதா? நொச்சிக்குப்பம்னு போடு சார்"னு, அவர் மாத்துற வரைக்கும் நான் நகரல.

இப்போ மாசாமாசம் ரெண்டு பொம்பளைங்களை டெஸ்ட்டுக்கு இழுத்துக்கினு போறேன். முதல்ல வந்தவ என் நாத்தனார். எங்க குப்பத்துல இருக்கிற புள்ளியெல்லாம் மேப்புல விழட்டும். உயிரோட இருந்து நாங்களே எண்ணிக்கிறோம்.