வேலிக்கு வெளியே விட்டுப்போன குட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று தெரியாது. நேற்று நடந்ததே இன்று பாதி மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போன பயணமும் பெரியதில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற என் வீட்டிலிருந்து வேங்கிக்கால் போனேன். அங்கிருந்து மலைக்குப் பின்புறம் ஒரு குட்டை வரைக்கும் போனேன். ஒரே நாள்தான். கிரிவலம் வந்தவர்கள்கூட அந்தக் குட்டையைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு, வழக்கம்போல, பின்கதவைத் திறந்து பூசணித் தோலைக் கொட்டினேன். எங்கள் சந்தில் என்னுடையது கடைசி வீடு. அதற்குப் பிறகு காடு, பிறகு மலை. அன்னதானம் செய்கிற ஓர் இடத்தில் காய் நறுக்கும் வேலை எனக்கு. பூசணித் தோல், கோஸின் மேல் இலை எல்லாம் சாயங்காலம் ஒரு கோணிப்பையில் வரும். பௌர்ணமி என்றால் இரண்டு கோணி. விடியும்போது ஆறேழு புள்ளிமான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். இடது காது கிழிந்த பெட்டை ஒன்று உண்டு. கடைசியாக வரும், கடைசியாகப் போகும். அதனிடம் நேற்று என்ன சாம்பார், எத்தனை பேர் பந்தியில் என்று சொல்வேன். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். மகள் பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மற்ற நாட்களில் நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

காட்டைச் சுற்றி வேலி போடப் போகிறார்கள், நாய்கள் உள்ளே புகுந்து மானைக் கடிக்காமலிருக்க என்று ரேஷன் கடையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவ்வாய் பதினோரு மணிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வரைபடம் காட்டுவார்களாம், சொல்ல வேண்டியது இருந்தால் யாரும் வரலாமாம். என் பின்கதவுக்கு நேராக வேலி வந்துவிட்டால்? அந்த ஒரு பயத்தில்தான் கிளம்பினேன். மானுக்காகப் போனேன் என்று சொன்னால் பொய்.

எட்டே முக்காலுக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "வேங்கிக்காலா? மனு குடுக்கவா? மனு நாள் நேத்தே போச்சேம்மா" என்றார்.

"மனு இல்லப்பா. மான் சமாச்சாரம்" என்றேன்.

"மானெல்லாம் மனு குடுக்குதா இப்போ?"

பஸ்ஸே சிரித்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரை மூன்று கிலோமீட்டர், அங்கே வேறு பஸ் மாறி வேங்கிக்கால் நான்கு கிலோமீட்டர். நடுவில் ஒரு டீ, பதினைந்து ரூபாய், சர்க்கரை ஜாஸ்தி.

பதினோரு மணிக்குக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தோம். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சுவரில் மலையின் படம். கண்ணாடி போட்ட வனத்துறை சார் ஒருவர் விளக்கினார்: கறுப்புக் கோடு வேலி, நீலப் புள்ளி தண்ணீர், சிவப்புப் புள்ளி கேமராவில் மான் பதிந்த இடம். ஓரிடத்தில் மட்டும் சிவப்பு அம்மை போட்டதுபோல் அப்பியிருந்தது.

"இங்கதான் தெனம் வருதுங்க. இதான் அதோட வழி. அதனால இந்த எடத்துல மட்டும் பதினஞ்சடி தெறந்து விடறோம்" என்று சார் விரலை வைத்தார். எங்கள் சந்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம். என் வீடு.

எனக்கு ஒரே சந்தோஷம். கேட்காமலே கிடைத்துவிட்டது. அப்படியே படத்தின் மேற்குப் பக்கம் கண் போனது. அங்கே ஒரு நீலப் புள்ளி, கோட்டுக்கு வெளியே. அடி அண்ணாமலைப் பக்கத்துக் குட்டை. மாடு வைத்திருந்த காலத்தில் அங்கே புல் அறுத்திருக்கிறேன். வெயில் காலத்தில் மலைச்சுனைகள் வற்றியதும், குட்டி போட்ட பெட்டைகள் எல்லாம் அந்தக் குட்டைக்குத்தான் இறங்கும். அந்தக் குட்டை ஏன் வெளியே என்று ஒருவர் கேட்கவும் செய்தார். சார், "கார்த்திகை மார்கழி ரெண்டு மாசம் கேமரா வெச்சோம். அங்க ஒண்ணும் விழல" என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் மலை முழுக்கத் தண்ணீர். அப்போது மான் எதற்குக் குட்டைக்கு இறங்கும்?

"வேற யாருக்காவது எதுனா சொல்லணுமா?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை. குட்டைதான் மானின் வழி என்று சொன்னால் என் வீட்டுப் பக்கத்து வழியை அடைத்துவிடுவார்கள். மானுக்குத் தீனி போடக்கூடாது என்பதும் தெரியும். எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. அந்தப் பெட்டையின் காது நினைவுக்கு வந்துவிட்டது. நாய் கிழித்தது. எங்கள் சந்தில், என் கதவுக்கு எட்டடி தள்ளி. தோல் தின்ன வந்த இடத்தில். வேலி வந்தபிறகு அந்தப் பதினைந்தடி வழியாக அத்தனை மானும் நேராக அந்தச் சந்துக்குத்தானே வரும்? குட்டைக்குப் போக வேண்டியவை கோட்டுக்கு உள்ளே நாக்கு வறண்டு நிற்குமே?

திரும்பிப் போனேன். சார் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் ஜீப் டிரைவர்.

"சார், அந்தச் செவப்புப் புள்ளி மான் வழி இல்லீங்க. அது நான்."

"நீங்களாம்மா?"

"பூசணித் தோல் போடறேன். தெனம்."

"எத்தினி வருஷமா?"

"ஒம்போது."

டிரைவர் சிரித்துவிட்டார். "சார், நாம காட்டப் படம் புடிக்கல. அம்மாவோட மெஸ்ஸப் படம் புடிச்சிட்டு வந்திருக்கோம்!"

சார் சிரிக்கவில்லை. "தப்புன்னு தெரியுமாம்மா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

குட்டையைப் பற்றி மட்டும் சொன்னேன். குரல் கம்மியாகத்தான் வந்தது. அவர் குனிந்து கேட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "காட்டுங்க, போலாம்" என்றார்.

அவருடைய கூட்ட வேலை முடிந்து மூன்றரை மணிக்குத்தான் ஜீப் கிளம்பியது. டவுனுக்குள் புகுந்து, காஞ்சி ரோட்டில் ஏறி, பதினோரு கிலோமீட்டர் என்று டிரைவர் சொன்னார். சாலையில் இறங்கி மலையைப் பார்த்து முந்நூறு அடி நடந்தோம். குட்டையில் நடுவே மட்டும் கலங்கல் தண்ணீர். கரைச்சேறு வெடித்துக் கிடந்தது. சேற்றில், புளியங்கொட்டையைப் பிளந்து வைத்ததுபோல் குளம்படிகள். பெரியதன் பக்கத்திலேயே சின்னது. இலந்தை மரத்தடியில் மான்கள் அசைபோட்டுத் துப்பிய கொட்டைகள் குவியலாகக் கிடந்தன. சார் குத்துக்காலிட்டு, பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். அப்புறம் மூவரும் ஒரு பாறைக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்தோம்.

ஐந்தரைக்கு ஒரு பெட்டையும் குட்டியும் இறங்கி வந்தன. பின்னால் இன்னும் நான்கு. எனக்குப் பழக்கம், என்னை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். பெட்டை என்னைப் பார்த்தது. ஒரு சத்தம் கொடுத்தது. எல்லாம் பாய்ந்து மலைக்கு ஏறிவிட்டன. என்னைப் பார்த்து மான் ஓடி ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"அப்டிதாம்மா ஓடணும்" என்றார் சார், மெதுவாக.

திரும்பும்போது சொன்னார், "குட்டைய உள்ள வெச்சுக் கோட்ட வளைக்கணும்னு எழுதறேன். மேல ஒத்துக்கணும். உங்க வீட்டாண்ட வழி வேணாம்னும் எழுதறேன். நீங்க தோல் போடறத நாளைக்கே நிறுத்தணும். நிறுத்துவீங்களா?"

"நிறுத்திடறேன் சார்."

ஆறே முக்காலுக்குச் சந்து முனையில் இறக்கிவிட்டார்கள். "ஓட்டல மூட வெச்சிட்டோமேம்மா, கோவமா?" என்று டிரைவர் கேட்டார். "போய்யா" என்றேன். அந்த நாளில் நான் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

மறுநாள் ஐந்தரைக்குப் பின்கதவைத் திறக்கவில்லை. சருகில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு மேலும் ஒன்றின் காலடி மட்டும் கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. அது எது என்று எனக்குத் தெரியும். கதவில் கை வைத்தபடி நானும் நின்றேன். இப்படிப் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் சத்தம் இல்லை. இப்போது தோலெல்லாம் சமையற்கூடத்திலேயே ஒரு மாட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போகிறார்.

இதில் தூரமெல்லாம் கண்டக்டரும் டிரைவரும் சொன்னவை. முந்நூறு அடி என் காலால் எண்ணியது; நடுவில் ஒருமுறை எண்ணிக்கை விட்டுப்போனது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது சரிபாருங்கள். வேலிக் கம்பம் நடும்போது கோடு குட்டையைச் சுற்றி வளைந்திருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். நானே போய்ப் பார்க்கலாம்தான். காது கிழிந்தது அங்கே இருந்து, என்னைப் பார்த்து ஓடாமல் கிட்டே வந்துவிட்டால் என்ன செய்வேன்?