சோபா கம் பெட்டும் கழுத்து திரும்பும் கம்ப்யூட்டரும்

இரண்டாயிரங்களின் நடுவில் தாம்பரத்துக்குக் கழுத்து திரும்பும் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பார்த்தால் லேப்டாப். திரையைப் பிடித்து அரைவட்டம் திருகி, கீபோர்டின் மேல் மல்லாக்கச் சாய்த்தால் சிலேட்டு. ஓரத்தில் செருகியிருக்கும் பேனாவை உருவி அதன்மேல் எழுதலாம். கனத்தில் அது அம்மிக்கு அக்கா. மடியில் வைத்தால் எழும் சூடு, வம்சத்தைப் பற்றி யோசிக்க வைக்கும்.

ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் விற்பனை ஆள். முதலாளி ஆசைப்பட்டு எடுத்த ஒற்றைப் பீஸ் அது. டாக்டர்கள் திருப்பிப் பார்த்தார்கள், வக்கீல்கள் திருப்பிப் பார்த்தார்கள், ஒரு கல்யாண மண்டபக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு இதில் டிவி வருமா என்றார். வாங்கத்தான் ஆளில்லை.

"தீபாவளிக்குள்ள இத்த வித்துடு. இல்லன்னா சேல்ஸ் உனக்கு வாணாம். பின்னாடி ரூம்ல குந்திகினு கார்ட்ரிட்ஜுக்கு மை ஊத்து" என்றார் முதலாளி.

பின்னாடி ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அங்கே உட்கார்ந்தவருக்குக் காது மடல்வரை நீலம். எனக்கோ வெயில் வேண்டும், ஓடும் பஸ் வேண்டும், தெரியாத தெருவின் டீ வேண்டும். என் சம்பளத்தில் பாதி அதுதான். மீதிப் பாதியைத்தான் முதலாளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

கேளம்பாக்கத்தில் ஃபர்னிச்சர் கடை வைத்திருந்த பாய் ஒருவர், விஜயதசமியன்று கொண்டுவந்து காட்டச் சொன்னார். நேராகப் போய்விடலாமென்று முந்தின நாளே பீஸைச் சேலையூர் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அன்று ஆயுத பூஜை. என் மனைவி ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் வரிசையில் அதையும் உட்கார வைத்தாள்.

மறுநாள் காலையில் ஒத்திகை பார்க்கத் திரையைத் திருகினேன். கால்வட்டம் வந்து நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டது.

"என்ன பண்ணின?"

"சந்தனம் வெச்சேன். ஸ்கிரீன்ல வெச்சா கறையாகுமேன்னு கழுத்துல வெச்சேன்."

"எவ்ளோ?"

"சாமி காரியத்துல என்ன கஞ்சத்தனம்?"

ராத்திரி முழுக்கக் காய்ந்த சந்தனம் கீலுக்குள் சிமெண்டாகியிருந்தது. மூட முடியாததால் பெட்டியில் நுழையவில்லை. கட்டைப்பையில் போட்டுப் பழைய துண்டால் போர்த்தினேன். வண்டலூர் வழி பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்து, "இன்னா சார், டேபிள் ஃபேனா? லக்கேஜ் போடணும்" என்றார். போட்டார்.

பாய் துண்டை விலக்கிப் பார்த்தார். கீலை விரலால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனமா? தர்காவுல நாங்களும் பூசுவோம் தம்பி. கீல்ல பூச மாட்டோம்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. பூஜைக் கதையைச் சொல்லி, இதுதான் நிலைமை என்று பேனாவை மட்டும் எடுத்து நீட்டினேன். பக்கவாட்டில் நின்ற திரைக்காகத் தலையைச் சாய்த்து அவர் ஒரு கட்டிலை வரைந்தார். நான்கு கால், ஒரு தலைமாடு. சிரித்தார்.

"எங்கடைல ஜாஸ்தி ஓடுறது என்னா தெரியுமா? சோபா கம் பெட். கம்ப்யூட்டர் கம்பெனிப் பசங்க வாங்குறப்ப மடிச்சு மடிச்சுப் பாப்பாங்க. வூட்டுக்குப் போனதும் சோபான்னா சோபாவாவே கெடக்கும், பெட்டுன்னா பெட்டாவே கெடக்கும். கீல் போச்சுன்னு ஒருத்தன் வந்ததில்ல. ஆனா மடிக்க முடியாதுன்னா எவனும் வாங்க மாட்டான்."

"அப்ப இது பாய்?"

"எனக்குப் பலகையாவே கெடக்கட்டும். டைப்பிங் நமக்கு ஆவாது. கஸ்டமருக்குப் படம் காட்டணும், அளவு கிறுக்கணும். மிச்சக் கால்வட்டத்த மட்டும் திருப்பிக் குடு. ஒடஞ்சா உன் பாடு."

நான் அதன் உடம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைப் பிடித்தார். கடவாய்ப் பல் பிடுங்குகிற மாதிரி இரண்டு பேரும் மூச்சடக்கித் திருகினோம். கறக் என்றது. ஜன்னலில்லாத அந்த அறை என் கண்முன் கதவைத் திறந்தது. பிறகு சந்தனத் தூள் மேசையில் பொலபொலவென்று உதிர்ந்தது. திரை அரைவட்டம் முடித்து மல்லாந்து படுத்தது. அவர் வரைந்த கட்டில் அதில் தலைகீழாக, ஆனால் வெளிச்சமாக இருந்தது. பாய் தூளை ஊதிவிட்டு, "பில்லப் போடு" என்றார்.

கடைக்குப் போன் செய்தேன்.

"மெய்யாலுமா? திருப்பிக் காட்டினியா?" என்றார் முதலாளி.

"ஒரே ஒரு வாட்டி சார்."

"அதான்யா டெமோ. இன்னும் ரெண்டு பீஸ் சொல்றேன், நீயே வித்துடு. எப்ப வர்ற?"

"இந்தப் பக்கம் ரெண்டு பார்ட்டி இருக்கு சார். முடிச்சுட்டு நாளைக்கு வர்றேன்."

கோவளம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பார்ட்டி இரண்டும் வஞ்சிரம். மிளகாய் தூக்கலாக, நன்றாக முறுகியிருந்தன.