பதினொன்றுக்குப் பதினொன்று வாங்கிய கிடார்

1. ஒரு வார்த்தை

ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் நின்றுகொண்டு "வாங்கலாம்" என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பப் பெற ஐந்து நாள் ஆனது. பழைய கருவிகளைப் பார்த்து வாங்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த ஐந்து நாளை எழுதி வைக்கிறேன்.

மதுரையில் ரேடியோ டிப்ளமோ முடித்துவிட்டு, காரைக்குடியில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் சேர்ந்திருந்தேன். முதலாளி காசிம் பாய் பினாங்கில் பல வருடம் இருந்து திரும்பியவர். ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பதுதான் என் வேலை. அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழுக்கள் முளைத்தன. குழு என்றால் கிடார் வேண்டும். வெளிநாட்டுக் கிடார் புதிதாகக் கிடைப்பது அரிது. ஆனால் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் எப்போதோ வந்த கிடார்கள் இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெட்டியோடு கிடந்தன. வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பீங்கான், கடிகாரம், கண்ணாடி விளக்கு இவற்றோடு அவையும் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். நல்லதாக ஒன்று பார்த்துத் தரச் சொல்லி வாசிக்கிறவர்கள் பாயிடம் வருவார்கள். பாய் என்னை அனுப்பத் தொடங்கினார்.

எனக்கு வாசிக்கத் தெரியாதே என்றேன்.

"அதுக்குத்தான் புள்ள உன்னய அனுப்புறேன். வாசிக்கத் தெரிஞ்சவன் போனா சத்தத்துல மயங்கிருவான்" என்றார்.

பயத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பட்டியல் போடுவது. கிடாருக்குப் பதினொரு சோதனைகள் எழுதினேன். கழுத்து நேராக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பது ஒன்று. கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதுக்கு மேல் ஆறாம் தந்தி எத்தனை உயரத்தில் நிற்கிறது என்று அளப்பது ஒன்று; இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் விரல் வலிக்கும், சுருதியும் விலகும். பிறகு தந்தியை முறுக்கும் சாவிகள், ஃப்ரெட் ஓரங்கள், மேல் பலகையில் விரிசல், பூச்சித் துளை, இப்படி. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அளப்பேன். லேபில் ஒருத்தி படிக்க ஒருத்தி அளக்கப் பழக்கியிருந்தார்கள். இங்கே இரண்டும் நானே.

அந்தத் திங்கட்கிழமை வரை இருபத்து மூன்று கிடார்கள் பார்த்திருந்தேன். பதினொன்றில் ஏழுக்கு மேல் வாங்கியது எதுவும் இல்லை. எதற்கும் நான் சரி சொன்னதில்லை. கடைக்காரர்களிடையே எனக்கு 'வேணாம் டாக்டர்' என்று பெயர்.

2. ரங்கூன் சாமான்

கிடார் கேட்டவர் டேனியல். தேவகோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். சர்ச்சுக்குச் சொந்தமான கிடாரில் வாசித்துப் பழகியவர். மதுரையில் ஒரு குழு, பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு அவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: சொந்தக் கிடாரோடு வர வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்.

வயிரவன் என்பவரின் கடையில் ஒன்று வந்திருப்பதாகத் தகவல். போனேன். கரும்பழுப்பு நிறத்தில், பெயர்ச்சீட்டு உரிந்த கிடார்.

"ஒக்கூர்ல ஒரு பெரிய வீட்டுது தாயி. நாப்பது வருசம் முந்தி ரங்கூன்லேருந்து வந்தது. எம்புட்டுப் பக்குவமா வச்சிருந்தாக தெரியுமா? வருசா வருசம் பொங்கலுக்கு வீடு ஒதுங்க வச்சு வெள்ளையடிக்கையில, வளவு முத்தத்துல பாய விரிச்சு, இதையும் வெயில்ல காயப் போட்டுத்தான் உள்ள எடுத்து வைப்பாக. ஒரு பூச்சி அண்டல" என்றார் வயிரவன்.

பூச்சித் துளை: இல்லை. டிக். சாவிகள் வெண்ணெயாகச் சுழன்றன. ஃப்ரெட் ஓரம் விரலைக் கீறவில்லை. டியூனிங் ஃபோர்க் வைத்துச் சுருதி கூட்டி, ஆறாம் தந்தியை அளந்தேன். சரியாக இரண்டரை. பதினொன்றுக்குப் பதினொன்று. ஒருமுறை கூடச் சரி சொல்லாதவளுக்குச் சரி சொல்ல ஒரு வாய்ப்பு. சொல்லிவிட்டேன். பாய் தேவகோட்டைக்கு ஆள் மூலம் தகவல் அனுப்பினார்.

3. நோட்டுப் புத்தகம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டியலை நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று பக்கங்களில் அளவுகள் ஏறுக்கு மாறாக இருந்தன. இருபத்து நான்காவது பக்கத்தில் எல்லாம் நான் போட்ட வரம்பிலேயே வந்து நின்றன. ஆறாம் தந்தி இரண்டேகால் இல்லை, இரண்டு இல்லை, இரண்டரை. நாற்பது வருடம் பெட்டியில் கிடந்த மரம் என் நோட்டைப் படித்திருக்க முடியாது.

புதன் காலை கடை திறந்ததும் வயிரவன் முன்னால் நின்றேன். இம்முறை பட்டியலில் இல்லாதவற்றைப் பார்த்தேன். கிடாரின் வயிற்றுப் பக்கம் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டுக்குச் சேடில் என்று பெயர். அது அடிமரத்தோடு ஒட்டிக் கிடந்தது. மேல்புறம் வெள்ளையாக, புதிதாக அரம் போட்ட கோடுகள்.

யார் அராவியது என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒளிவு இல்லை.

"நாந்தான். ஒவ்வொரு கடையிலயும் நீங்கதான சத்தம் போட்டுப் படிச்சீக, ஆறாம் தந்தி ரெண்டரைக்கு மேல நிக்கக் கூடாது, சாவி இறுகக் கூடாதுன்னு? தெருவுல எல்லாக் கடைக்காரனுக்கும் மனப்பாடம். நான் ஒண்ணொண்ணா சரி பண்ணி வச்சேன். பரீட்சைக்குப் படிச்சுட்டுப் போனா தப்பா தாயி?"

அராவுவதற்கு முன் எத்தனை இருந்தது என்று கேட்டேன். நாலு இருக்கும் என்றார்.

நாலு என்றால் கழுத்து மேலே தூக்கியிருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. என்றோ தூக்கி அப்படியே நின்றுவிட்டது என்றால் பரவாயில்லை, வாசிக்கலாம். இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் மேடையில் ஒரு மாதம் தாங்காது. கடையில் தந்திகள் தளர்ந்தே கிடக்கும். திங்கட்கிழமை நான் இறுக்கி வைத்திருந்தது ஒன்றரை மணி நேரம்தான். அது போதாது. முழுச் சுருதியில் இறுக்கி, அப்படியே வைத்து, தினமும் காலை இதே நேரத்தில் அளக்க வேண்டும். வயிரவன் சம்மதித்தார். புதன்: இரண்டரை.

கடைக்குத் திரும்பியபோது பாய் சந்தோஷமாக இருந்தார். "டேனியல் வந்துட்டுப் போனாரு. நேத்தே பிரஸ்ஸு வேலைய விட்டுட்டாராம். நீதான் சரின்னுட்டேல்ல. சனிக்கிழமை வந்து கிடார எடுத்துக்கிறாராம்" என்றார்.

நான் சால்டரிங் அயர்னைச் சூடுபடுத்தப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருப்பது வெறும் சந்தேகம். அதை வைத்து ஒருவரைக் கலங்கடிக்கக் கூடாது, மூன்று நாளில் அளவு கிடைத்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது அது நியாயமாகவே பட்டது. ஆனால் அன்று ஒரே கண்டென்சரை இரண்டு முறை கழற்றி மாட்டினேன்.

4. கால் கால் மில்லிமீட்டர்

வியாழன்: இரண்டே முக்கால். ஸ்கேல் சாய்ந்திருக்கும் என்று மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே.

வெள்ளிக்கிழமை நான் போவதற்கு முன்பே வயிரவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணாயிருச்சு தாயி. நான் அராவுனதுனாலயா?"

இல்லை, வெயிலால் என்றேன். கழுத்தையும் உடம்பையும் ஒட்டியிருப்பது வஜ்ரப் பசை. சூட்டில் அது இளகும். தந்தியைக் கழற்றாமல் வருடா வருடம் வெயிலில் போட்டால், இளகும்போதெல்லாம் தந்தி கழுத்தை இழுக்கும். ஒட்டு விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவர் கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்குவம்னுல நெனச்சாக" என்றார்.

சனிக்கிழமை காலை மூன்றேகால். கழுத்து சேரும் இடத்தில் சிகரெட் அட்டை நுழைந்தது. சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு டேனியல் வந்தார். கையில் காக்கித் துணியில் தைத்த புது உறை. உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்து வாசித்தார். நல்ல சத்தம், எனக்கே தெரிந்தது. வாசித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு அட்டையை நுழைத்துக் காட்டினேன். நான்கு நாள் அளவுகளையும் படித்தேன். திங்கட்கிழமை சொன்னது தவறு, வாங்க வேண்டாம் என்றேன்.

"ஒரு மாசம் தாங்காதா சிஸ்டர்?"

தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன்.

அவர் வயிரவன் பக்கம் திரும்பினார். வயிரவன், "வேணாம் தம்பி. நீங்க கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். நானே அளந்து பாத்தேன்" என்றார்.

டேனியல் கிடாரைக் கீழே வைத்தார். உறையை மடித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"புதன்கிழமையே ஒங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா பிரஸ்ஸுக்குத் திரும்பப் போயிருப்பேன். மொதலாளி ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தாரு. நேத்துத்தான் வேற ஆளப் போட்டாரு."

5. அதற்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை அவர் வெறுங்கையோடு மதுரைக்குப் போனார். குழு வேறொருவரை எடுத்துக்கொண்டது. சிவகங்கையில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைக்க அவருக்கு ஒன்றரை மாதம் ஆனது. அந்த நாட்களில் தேவகோட்டை பஸ் எங்கள் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

என் கணக்கில் தவறு இரண்டு. பட்டியலை விற்கிறவர் காதில் விழப் படித்தது ஒன்று. இப்போது மனதுக்குள் படிக்கிறேன், வரிசையையும் மாற்றுகிறேன். அது சின்னத் தவறு. பெரிய தவறு அந்தப் புதன்கிழமை. நிரூபணம் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் நிதானம் என்று நினைத்தேன். நம் சொல்லை நம்பி ஒருவர் காரியத்தில் இறங்கிவிட்டால், சந்தேகம் வந்த அன்றே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அளப்பதைப் பிறகு அளக்கலாம்.

ஆவணியில் சிங்கம்புணரியிலிருந்து ஒரு கிடார் வந்தது. பதினொன்றில் எட்டு. நான்கு நாள் இறுக்கி வைத்தும் நகரவில்லை. டேனியலுக்குக் கடிதம் போட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார்.

அவர் கிடாரைத் தொடும் முன்பே எனக்கிருந்த சந்தேகங்களைச் சொன்னேன். மூன்று: மூன்றாவது சாவி தேய்ந்திருக்கிறது, பின் பலகையில் பழைய விரிசல் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள், மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அம்புட்டுத்தான சிஸ்டர்?"

"அம்புட்டுத்தான். நாளைக்கு வேற எதுவும் தோணுச்சுன்னா நாளைக்கே எழுதிருவேன்."

அவர் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.