ஷீலா குடித்த சர்க்கரைத் தண்ணீர்

நாற்பத்தைந்து வயதில் ஷீலா ஓட ஆரம்பித்தபோது மாடம்பாக்கத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. சேலையூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவர் வேலை. ஏரிக்கரையில் ஓடிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கணவர் ஞானையா பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோயால் அவருடைய கால்விரல் ஒன்றை எடுத்ததிலிருந்து அந்த வீட்டுக்குள் இனிப்பே நுழைந்ததில்லை. ஷீலாவும் தொடுவதில்லை.

முதல் மாரத்தானில் வெறும் தண்ணீரைக் குடித்தே ஓடினார். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கண் இருட்டியது. சாலையோரம் உட்கார்ந்து அழுதவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

மறுநாள் ஸஹானா பார்க்க வந்தாள். கூட ஓடுகிற பெண். விளையாட்டு வீரர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது அவள் தொழில்.

"அக்கா, உடம்புல சேர்த்து வச்ச மாவுச்சத்து ஒரு அளவுக்குத்தான் தாங்கும். அவ்ளோ தூரம்னா, ஓடிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரை எடுத்துக்கணும்."

"சர்க்கரையா? தெனமும் நான் பார்க்கிற ரிப்போர்ட்டை நீ பார்த்தா இப்படிச் சொல்ல மாட்ட."

"உங்களுக்குத்தான் சுகர் இல்லையே! ஓடும்போது தசை அதை உடனே எரிச்சிடும். ஓடாத நாள்ல வேணாம். டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க."

டாக்டரும் சரி என்றார். ஓடுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் சர்க்கரை ஜெல்லை ஷீலா வாங்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கிப் பார்த்தார். வயிறு கலக்கி, பாதி ஓட்டத்தில் பெட்ரோல் பங்க் கழிவறையைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. பிறகு எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துப் பழகினார். வாராவாரம் அளவைக் கூட்ட, வயிறு ஏற்றுக்கொண்டது. வேகம் குறையாமல் நெடுந்தூரம் போக முடிந்தது.

ஆனால் சர்க்கரைப் பொட்டலத்தை அவர் வேலை செய்யும் இடத்திலேயே ஒளித்து வைத்து, முந்தின நாளே அங்கே கலந்து பாட்டிலில் எடுத்து வந்தார். ஒருநாள் மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு வந்ததை ஞானையா பார்த்துவிட்டார்.

"இன்னா இது?"

ஷீலா தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க சாப்பிட முடியாததை நான் எப்படிங்க உங்க எதிர்ல..."

"நோவு எனக்கு வந்து கீது. நீ ஏன் இத்தினி வருசமா பத்தியம் இருந்துகினு கீறே? குடிச்சிட்டு ஓடு."

அடுத்த மாரத்தானில் ஞானையா ஸ்கூட்டியில் முன்னால் போய் அங்கங்கே காத்திருந்து, தானே கலந்த பாட்டில்களை நீட்டினார். முப்பதாவது கிலோமீட்டர் வந்தபோது ஷீலாவுக்குப் பயம் பிடித்தது. கால்கள் வலித்தன, ஆனாலும் நகர்ந்தன. முப்பத்தைந்தும் போனது. கடைசித் திருப்பத்தில் தன்னைவிட இளைய இருவரைத் தாண்டி ஓடி எல்லையைத் தொட்டார்.

ஞானையா பதறிக்கொண்டு கிட்டே வந்தார். "இன்னா பண்ணுது?"

"பசிக்குதுங்க," என்றார் ஷீலா. "பிரியாணி வாங்கித் தாங்க."